பாய்க்கடையும் தேடுபொறியும்

புதிதாய்த் தொடங்கப்பட்ட ஒரு சிறு வணிகத் தளம் கூகிளில் எத்தனை நாளில் தென்படும் என்ற கேள்வியைச் சில மாதங்களாக நாங்கள் சுமந்து திரிந்தோம். இலக்கியம் பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பழம்பதிப்புகளின் பின்னிணைப்பில் விரல் வைத்துச் சொல் தேடிப் பழகியவர்களுக்கு இவ்விஷயம் அவ்வளவு அந்நியமானதன்று.

கேள்வி எங்கள் வாசகர் வட்டத்துக்குத் தவறாமல் வரும் அண்ணாச்சி ஒருவருடையது. கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். ஆனால் பேசிய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருப்பவர் பெரும்பாலும் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தொழில், பாய் வியாபாரம். சேரன்மகாதேவிக்கு அருகிலிருக்கும் பத்தமடையில் வீடு வீடாய் நெய்யப்படும் கோரைப்பாய்களை வாங்கி விற்பது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஊறவைத்து, உலர்த்தி, பருத்தியோ பட்டோ பாவாக ஓட்டி நெய்கிற பாய் அது. நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முரட்டுப்பாய் சீக்கிரம் முடிந்துவிடும். மெல்லிய ரகம் வாரக்கணக்கில் ஆளை உட்கார்த்தி வைக்கும். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கமும் அங்கே உண்டு.

அண்ணாச்சியின் மகள் கல்லூரியில் படித்ததை வைத்துக் கடைக்கொரு வலைத்தளம் அமைத்தாள். தமிழ் வாசகங்களை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். தளம் திறந்த நான்காம் நாளே அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "கடையத் திறந்து விளக்கேத்தியாச்சு தம்பி, தெருவுல போற ஒருத்தனுக்கும் கடை இருக்கதே தெரியலங்கிற கதையால்லா இருக்கு?" என்றார். அந்த வாரமே நகரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். இருபத்து நான்கு மணி நேரத்தில் கூகிளில் ஏற்றிவிடுவதாகவும், ஐந்நூறு தேடுபொறிகளில் பதிந்து தருவதாகவும், கட்டணம் எட்டாயிரம் ரூபாய் என்றும் பேச்சு. மெல்லிய ரகம் நெய்கிற ஒருத்திக்கு ஒரு மாதத்திற்கும் மேலாக அண்ணாச்சி கொடுக்கும் கூலி அது. கொடுத்துவிடலாமா என்று எங்களைக் கேட்டார். கேட்டவர் வேறொருவராக இருந்தால் தெரியாதென்று சொல்லித் தப்பியிருப்போம்.

முதலில், கூகிளில் "வருவது" என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நாம் ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது தேடுபொறி அந்த நொடியில் உலகத்து வலைத்தளங்களையெல்லாம் சுற்றிவருவதில்லை. முன்பே தயாரித்து வைத்திருக்கும் ஓர் அடைவைப் புரட்டுகிறது, அவ்வளவே. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் சேர்த்த அரும்பத அகராதியை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் பார்த்தால் அது வரும் இடம் தெரியும். நூலை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. தேடுபொறியின் அடைவும் அதே இனம்தான். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்ற மாபெரும் சொல்லடைவு. ஆகவே அண்ணாச்சியின் கேள்வியை இப்படித் திருத்தி எழுதலாம்: அந்த அடைவில் பாய்க்கடையின் பக்கங்கள் எப்போது சேரும்?

சேர்வதற்கு மூன்று படிகள். அப்படியொரு முகவரி இருக்கிறதென்று தெரிய வேண்டும். சிலந்தி என்று நாம் அழைக்கும் நிரல் அங்கு போய்ப் பக்கத்தைப் படிக்க வேண்டும். படித்ததை அடைவில் வைக்கலாம் என்ற தீர்மானம் ஆக வேண்டும். காலதாமதம் எந்தப் படியில் என்று அறியாமல் "ஏறவில்லை, ஏறவில்லை" என்று புலம்புவதுதான் வழக்கம். தொலைபேசிக்காரர்களின் பிழைப்பும் அந்தப் புலம்பலில்தான் நடக்கிறது.

ஏன் உடனே போய்ப் படித்தாலென்ன? கூகிளை உருவாக்கிய இருவரும் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் அடைவு 2 கோடியே 40 லட்சம் பக்கங்களைக் கொண்டிருந்தது. பத்தாண்டு கழித்து, 2008இல், ஒரு லட்சம் கோடி தனித்தனி முகவரிகளைத் தங்கள் நிரல்கள் கண்டுவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. கண்டது அத்தனை, அத்தனையையும் அடைவில் வைத்ததாகச் சொல்லவில்லை. எதைப் படிப்பது, எதை விடுவது, எதற்குத் திரும்பி வருவது என்று பொறுக்கித்தான் ஆக வேண்டும். நாள்தோறும் பலர் வந்துபோகிற, நாள்தோறும் மாறுகிற செய்தித்தளத்துக்குச் சிலந்தி நிமிடத்துக்கு நிமிடம் வரும். நேற்றுத் திறந்த, ஒருவரும் சுட்டாத பாய்க்கடைக்கு அது ஏன் விரைய வேண்டும்?

காசு கொடுத்து ஏற்றலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1994இல் தொடங்கிய யாகூ முதலில் தேடுபொறியே அன்று. மனிதர்கள் அமர்ந்து வகைபிரித்த கோப்பகம். நம் தளத்தைச் சேர்க்குமாறு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் அங்கே வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் கேட்டார்கள். அதுவும் விண்ணப்பத்தை விரைவில் பரிசீலிப்பதற்கான கட்டணம். சேர்ப்பதற்கு உத்தரவாதம் இல்லை. தன்னார்வலர்களைக் கொண்டு 1998இல் எழுந்த திறந்த கோப்பகத்தில் பணம் வேண்டாம், ஆனால் பதிப்பாசிரியர் மனமிரங்கும் நாள் எதுவென்று சொல்ல முடியாது. முன்னது 2014இன் முடிவிலும் பின்னது 2017இலும் மூடப்பட்டன. "ஐந்நூறு தேடுபொறிகளில் பதிதல்" என்பது அந்த உலகத்தின் மிச்சம். கோப்பகங்கள் போய்விட்டன, அவற்றில் பதிந்து தரும் தரகர் மட்டும் நிலைத்துவிட்டார்.

அடைவு புதுப்பிக்கப்படும் வேகமும் அந்நாளில் வேறு. 2003 வரையில் கூகிளின் அடைவு ஏறத்தாழ மாதத்துக்கொருமுறை மாறும். தளம் வைத்திருந்தவர்கள் அதைக் "கூகிள் நடனம்" என்றே அழைத்தார்கள். பிறகு படிப்படியாக வேகம் கூடியது. 2010 ஜூனில் காஃபீன் என்ற புதிய அமைப்பு முழுமையாக வந்தபின், பக்கம் கிடைக்கக் கிடைக்க அடைவில் சேர்த்துக்கொண்டே போவது வழக்கமாயிற்று.

தமிழர்களாகிய நமக்கு இவையெல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு தடை இருந்ததை இளையவர்கள் அறியமாட்டார்கள். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், பல்லாண்டுகள் நாம் திஸ்கியிலும் தாபிலும், தளத்துக்கொன்றாய் எழுந்த எழுத்துருக்களிலும் எழுதிக்கொண்டிருந்தோம். உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் நம் கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கோ, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். சிலந்தி வந்தது, படித்தது, அடைவிலும் வைத்தது. ஆனால் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுபவனுக்கு ஒன்றும் கிடைக்காது. எத்தனையோ நல்ல கட்டுரைகள் அப்படி அடைவுக்குள்ளேயே அநாதையாய்க் கிடந்தன. அடைவில் இருப்பதும் அகப்படுவதும் ஒன்றல்ல என்று அப்போதே கற்றுக்கொண்டோம்.

ஒருங்குறிக்கு மாறிய பின்னர் நிலைமை மாறியது. 2004இல் தமிழ்மணம் வந்தபோது, புதிதாய் வலைப்பதிவு தொடங்கியவர் திரட்டியில் தம் பதிவைச் சேர்த்த சில மணி நேரத்திலேயே தம் இடுகை கூகிளில் அகப்படுவதைக் கண்டு பூரித்துப்போனதெல்லாம் உண்டு. பலர் கூடுகிற, ஓயாது மாறுகிற ஓரிடத்திலிருந்து ஒரு சுட்டி போனதால் சிலந்தி அந்தச் சுட்டியின் வழியே நடந்தது. ஊர்ச்சந்தையில் ஒருவர் கைநீட்டிக் காட்டிய வீட்டுக்கு விருந்தாளி தானாக வந்துவிடுகிறார்.

இனி அண்ணாச்சியின் தளம். கூகிள் தன் உதவிப் பக்கங்களில் பட்டவர்த்தனமாகவே எழுதிவைத்திருக்கிறது: அடிக்கடி வந்து படிப்பதற்கோ உயர்ந்த இடம் தருவதற்கோ அது எவரிடமும் பணம் வாங்குவதில்லை. புதுப்பக்கம் சேர்வதற்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். சேர்ந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. இதை நாங்கள் தமிழில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தோம். படித்துவிட்டு, "அப்போ அவன் எதை விக்கான்?" என்றார். விளம்பரமாக வாங்கும் இடம் வேறு, அதற்குக் கூகிள் காசு வாங்கும், ஆனால் அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் தோன்றும், காசு நின்றால் அதுவும் நிற்கும் என்று விளக்கினோம்.

செய்ய வேண்டியவை சிலவே, எல்லாம் இலவசம். தள உரிமையாளர்களுக்கென்று கூகிள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில், தளம் நம்முடையதென்று நிறுவ வேண்டும். தளத்தின் பக்கங்களையெல்லாம் வரிசையிட்டுச் சொல்லும் தளவரைபடக் கோப்பை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்தக் கோப்பு முறையைக் கூகிள் 2005இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாப்டும் ஏற்றுக்கொண்டன. முக்கியமான பக்கங்களின் முகவரியை ஒவ்வொன்றாய் இட்டு, அடைவில் சேர்க்குமாறு கேட்கலாம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. பிங்கிற்கும் யாண்டெக்ஸுக்கும் 2021இல் அவர்கள் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் என்ற வழி இருக்கிறது. பக்கம் மாறியதும் தளமே சேதி அனுப்பிவிடும். சிலந்தி உள்ளே வரலாகாதென்று தளத்திலேயே ஏதேனும் கட்டளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தளம் கட்டும்போது தேடுபொறிகளைத் தடுத்துவைத்துவிட்டு, திறப்புவிழா முடிந்தும் தடையை எடுக்க மறந்த கடைகள் ஏராளம். அண்ணாச்சியின் மகள் கெட்டிக்காரி. அப்படியொன்றும் அங்கே இல்லை.

ஒன்பதாம் நாள் முகப்புப் பக்கம் அடைவில் சேர்ந்தது. 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, ஒட்டினாற்போல் தளத்தின் முகவரி என்று இட்டுத் தேடினால் அத்தளத்திலிருந்து அடைவிலிருக்கும் பக்கங்கள் வரும். ஒரேயொரு பக்கம் வந்தது. அண்ணாச்சி தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அடுத்த மூன்று வாரமும் அந்த ஒன்று ஒன்றாகவே இருந்தது. ஏறக்குறைய நாற்பது பாய்ப்பக்கங்கள் வெளியிலேயே நின்றன. பல பக்கங்களுக்கு நேரே, படித்தாயிற்று, அடைவில் வைக்கப்படவில்லை என்ற குறிப்பு. மூன்றாம் படியில் நின்றுபோன பக்கங்கள் அவை.

காரணத்தைக் கூகிள் சொல்லாது. ஆனால் நாற்பது பக்கங்களையும் ஒரே மூச்சில் வாசித்தபோது எங்களுக்கே அலுத்தது. எல்லாவற்றிலும் ஒரே விவரணை. நீள அகலமும் விலையும் மட்டும் வேறு. பாயின் பெயர்களோ படத்துக்குள் அழகெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. மனிதக் கண் ஒரே பார்வையில் படித்துவிடும். அடைவு தயாரிப்பவனுக்குப் பக்கத்தில் எழுத்தாகவே இருக்கிற சொல்தான் உறுதியான சொல். ஆக, சிலந்தியின் பார்வையில் ஒரே பக்கத்தின் நாற்பது படிகள். ஒரே பாட்டு நாற்பது இடத்தில் அச்சாகியிருந்தால் எந்தப் பதிப்பாசிரியர் நாற்பதையும் வைத்துக்கொள்வார்?

பாய் என்ற சொல்லின் சங்கடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். விரிக்கிற பாய், கப்பலின் பாய், பாய்ந்து போ என்னும் ஏவல், இஸ்லாமிய அன்பரை நாம் அழைக்கும் பாய், நான்கும் எழுத்தில் ஒன்றே. ஊர்ப்பெயரோ ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாய் எழுதப்படுகிறது. டகரத்தை இரட்டிப்பவர், ஹகரம் சேர்ப்பவர், இறுதியை நீட்டுபவர் என்று. ஊர்ப்பெயரை மட்டும் இட்டால் அங்கே 1887இல் பிறந்த சுவாமி சிவானந்தர் முன்னால் வந்து நிற்கிறார். அவரோடு போட்டியிட அண்ணாச்சிக்கு விருப்பமில்லை.

எனவே இரண்டு வாரம் எழுதினோம். நாற்பதைப் பதினெட்டாய்க் குறைத்து, ஒவ்வொரு பாய்க்கும் அதற்கே உரியதைச் சொன்னோம். இது முரட்டுக்கோரை, தரையில் நாள்தோறும் புழங்க ஏற்றது. இது கோரையை நுண்ணிதாய்க் கீறியது, மடித்து வைக்கலாம். இதற்குப் பட்டுப்பாவு. இதில் பெயர் நெய்யலாம், எத்தனை எழுத்து வரை கொள்ளும். சாயத்தின் பெயர், ஊறவைக்கும் நாள், ஈரம் பட்டால் செய்ய வேண்டியது. விவரமெல்லாம் எங்களுடையதன்று, நெய்கிற பெண்களிடம் அண்ணாச்சி கேட்டுக்கேட்டுச் சொன்னது. அவர்கள் பேச்சில் வந்த சில தொழிற்சொற்கள் எந்தத் தளத்திலும் எங்களுக்கு அகப்படவில்லை. அவற்றையும் அப்படியே வைத்தோம்.

கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிந்ததும் அதே வாரத்தில்தான். இதுவும் இலவசம், கடை அங்கே இருக்கிறதென்று அவர்கள் சரிபார்த்தால் போதும். சிறு வணிகருக்கு இதுவே முதற்காரியமாக இருக்க வேண்டுமென்பது எங்கள் துணிபு. பக்கங்கள் அடைவில் சேரக் காத்திருக்கையில், வரைபடத்தில் கடை முந்திக்கொண்டது. அந்தப் பக்கமாய் வண்டியில் போன ஒரு குடும்பம் வழி கேட்டு வந்தது அதைப் பார்த்துத்தான். சுட்டிக்கு, கைத்தொழில்கள் பற்றி எழுதிவரும் நண்பர் ஒருவர் தம் கட்டுரையொன்றில் கடையின் தளத்தைக் குறிப்பிட்டார். நாங்கள் கேட்டு அவர் எழுதவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். அதன்பின் பத்து நாளில் பதினெட்டில் பதினான்கு பக்கங்கள் அடைவில். எங்கள் எழுத்தாலா, அந்தச் சுட்டியாலா, காலத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தொலைபேசிக்காரருக்குக் கொடுத்திருந்தால் இப்பதினான்கையும் அவர் கணக்கில் எழுதியிருப்போம்.

கசப்பான பகுதி இனிமேல்தான். அடைவில் சேர்ந்தாயிற்று, ஆனால் ஊர்ப்பெயரோடு பாய் என்று ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருபவை பெருவணிகத் தளங்கள். அவற்றில் அவ்வூர்ப் பெயரைத் தாங்கி விற்பவற்றுள் விசைத்தறியில் ஓட்டியவையும் உண்டு. பெருந்தளத்தின் புதுப்பக்கத்தைச் சிலந்தி அன்றே படித்துவிடுகிறது. ஒரு மாதம் குனிந்து நெய்தவளின் பாய் வரிசையில் நிற்கிறது. கையால் நெய்ததா, பொறியால் ஓட்டியதா என்று அடைவுக்குத் தெரியாது. இரண்டிலும் சொல் ஒன்றே. நெய்கிற அம்மா ஒருவரிடம் அண்ணாச்சியின் மகள் கைபேசியில் அந்தப் படங்களைக் காட்டினாளாம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஊரு பேரு மட்டும் நம்மளுது" என்றாராம்.

அண்ணாச்சி கொதித்துப்போனார். அந்த எட்டாயிரத்தை எடுத்து, கைப்பாயை அடையாளம் காண்பது எப்படி என்று விளக்கும் பக்கத்துக்கு நல்ல நிழற்படக்காரரை அழைத்துவந்தார். விளிம்பு முடியும் இடம், கோரைத் தாளின் ஏற்றத்தாழ்வு, பாவு நூலின் நெருக்கம் என்று அணுக்கப்படங்கள். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் மக்கள் எழுதும் வடிவங்கள் சிலவற்றையும் வாக்கியத்துக்குள் இயல்பாய் நுழைத்திருக்கிறோம். அப்பக்கம் ஆறாம் நாள் அடைவில் சேர்ந்தது. பொதுச்சொற்களைத் தேடுவோருக்கு இன்னும் கண்ணில் படாது. "பெயர் நெய்த கல்யாணப் பாய்" என்று தமிழில் தேடினால், நாங்கள் தேடிப் பார்த்த அன்று, முதற்பக்கத்திலேயே நின்றது.

அப்படித் தேடி வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தம் மகள் திருமணத்துக்குப் பாய் கேட்டிருக்கிறார். முகூர்த்தம் தை மாதம். பெயர்கள் தமிழெழுத்தில்தான் வேண்டுமாம். நெய்யத் தொடங்கிவிட்டால் எழுத்தை மாற்ற முடியாதென்பதால், மணமகன் பெயரில் ஒற்று வருமா வராதா என்று எழுதிக் கேட்டு வாங்கிப்போக அண்ணாச்சி சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.